பஸ் ஜன்னலில் நீ கேட்டது

இலுப்பையூரணி, கோவில்பட்டி
12 அக்டோபர் 2025, ஞாயிறு

செல்ல மகன் பாலகணேஷுக்கு, அம்மா வள்ளிமயில் ஆசையோடு சொல்லி எழுதவைத்தது.

இது நீளமான கடிதம். ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். தமிழை வாசிப்பது உனக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு பத்தி போதும். புரியாத வார்த்தை வந்தால் தாண்டிப் போ, மறுநாள் திரும்பி வா. ஆனால் கடைசி வரை வாசித்துவிடு. பாதியில் விட்டால் பாதி அம்மாதான் உனக்குக் கிடைப்பாள்.

நான் இதைக் கையால் எழுதவில்லை. வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. "வெரசலா வாலே" என்று சொல்லிப் பார்த்தேன், "விரல் சாலை வாழை" என்று எழுதிற்றாம். அதனால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நான் மூச்சு வாங்கினால் அதுவும் வேலையை நிறுத்திவிடுகிறது. புள்ளி வைத்துப் பத்தி பிரித்துத் தருவது சந்தனமாரி என்ற பெண். அவள் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

இங்கே முதல் மழை பெய்துவிட்டது. இடைசெவலில் உன் சித்தப்பா உளுந்து விதைத்துவிட்டார். நம் தெருவில் தார் போட்டது பாதியோடு நிற்கிறது. மீதிப் பாதியில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருப்பதால் கடலைமிட்டாய்க் கம்பெனியில் மூச்சு விட நேரமில்லை. பொன்மணி சித்தி எப்போதும் போல அடுத்த வீட்டில் இருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பதினெட்டு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதலில் பயந்துவிட்டேன். உடம்பு சரியில்லையோ, அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று. பொன்மணி என் போனைப் பார்த்து, "அவன் தெனமும் போன்ல வந்துட்டுப் போறாம்க்கா, நல்லாத்தான் இருக்கான்" என்றாள். அப்போதுதான் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. கோபம் என்றும் தெரிந்தது.

பாலு, நீ கோபப்படுவதில் தப்பில்லை. நான் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்குக் கண் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தொடங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டதாம். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, அதனால் நான் கவனிக்கவில்லை. முதலில் ஓரங்கள் போயின. பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. சட்டியில் பாதிதான் தெரியும். போகப் போக, ஊதாங்குழல் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிட்டது. நடுவில் ஒரு சின்ன வட்டம், அதைச் சுற்றி ஒன்றுமில்லை. திருநெல்வேலி டாக்டர், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். இப்போது அந்த வட்டமும் மங்கிவிட்டது. வெளிச்சம் தெரியும். வாசலில் ஆள் வந்து நின்றால் நிழல் தெரியும். ஆள் யாரென்று தெரியாது.

நீ திருப்பூரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருவாய் அல்லவா. அப்போதே இந்த ஊதாங்குழல்தான். போனில் உன் முகத்தைப் பார்த்தால் கை தெரியாது. கையைப் பார்க்கப் போனால் கை அதற்குள் வேறு இடத்துக்குப் போயிருக்கும். நீ வேறு வேகமாகப் பேசுகிறவன். அதனால் நான் உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ சிரித்தால் நானும் சிரித்தேன். நீ புருவத்தைத் தூக்கினால், ஏதோ கேட்கிறான் என்று தலையை ஆட்டினேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, வேறு என்ன கேட்டுவிடப் போகிறாய் என்று நினைத்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பிறந்து பத்து மாதத்தில் உனக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. பித்தளைத் தாம்பாளத்தை உன் தலைக்குப் பின்னால் கீழே போட்டேன், நீ திரும்பவில்லை. அன்றிலிருந்து உனக்குக் கண்தான் எல்லாம். கண் போவது என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடம் எந்தக் கையால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நெடுநேரம் பேசினாய். முகம் ஒரு மாதிரி இருந்தது. புருவத்தைத் தூக்கிக் கேட்டாய். நான் தலையாட்டினேன். திரும்பவும் கேட்டாய். நான் திரும்பவும் தலையாட்டி, என் உச்சந்தலையில் கையை வைத்துக் காட்டினேன். நல்லது நடக்கட்டும் என்று நாம் காட்டுவோமே, அது. நீ அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறான், சம்பளம் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அன்று என்ன கேட்டாய் என்று மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் உன்னிடமிருந்து இல்லை. நீ சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து இறங்கினாய். திருவிழாவுக்கு வருகிறான், இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று யோசித்தேன். நீ எழுதிக் காட்டியதை வாசித்துவிட்டுப் பொன்மணிதான் வாசலில் நின்று, "ஷார்ஜாவுக்குப் போறானாமே, ரெண்டு வருசமாம்லா! நீ சரின்னு சொன்ன பெறகுதான் கையெழுத்தே போட்டானாம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாக்கா?" என்று சடைத்துக்கொண்டாள். டிக்கெட் உன் சட்டைப் பையில் இருந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, நான் தலையாட்டியது தெரியாமல் என்று எப்படிச் சொல்வேன்?

வீட்டில் இருந்த இரண்டு நாளும் நீ என் முன்னால் வந்து வந்து நின்றாய். தோளைத் தட்டினாய். நான் திரும்பி, தலையாட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டேன். வீட்டுக்குள் எனக்குக் கை பழக்கம் உண்டு, அதனால் நீ கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அம்மா முகம் கொடுக்கவில்லை என்று மட்டும் கண்டுகொண்டாய். உன் துணிகளை மடித்து வைத்தபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தாய் என்று நினைக்கிறேன். உன் சட்டைக் கை உரசும் சத்தம் கேட்டது. நான் துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன்.

புது பஸ் ஸ்டாண்டில் நீ மதுரை பஸ்ஸில் ஏறினாய். நான் ஜன்னல் என்று நினைத்த பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டதும் கையை ஆட்டினேன். வீட்டுக்குத் திரும்பும்போது பொன்மணி சொன்னாள். "என்னக்கா இப்படிக் கல்லு மனசா நிக்க? அவன் ஜன்னல் வழியா கைய ஆட்டி ஆட்டி என்னமோ கேக்கான். மூணு தடவ கேட்டான். நீ வேற எங்கயோ பாத்துச் சிரிச்சிட்டு நிக்க." அன்றுதான் அவளிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

அப்புறம் அந்த ஆப். அங்கிருந்து பழைய வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது என்று நீ வேறொரு ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ கூப்பிடும்போது போன் மணி அடிக்கும். எடுப்பது எது, துண்டிப்பது எது என்று எனக்குத் தெரியாது. தடவித் தடவி ஒன்றை அழுத்துவேன், மணி நின்றுபோகும். சித்திரையில் ஐந்து முறை நீ கூப்பிட்டாய். ஐந்து முறையும் நான் துண்டித்தேன். நீ நினைத்திருப்பாய், எடுக்கப் பிடிக்காமல் துண்டிக்கிறாள் என்று. பாலு, நான் எடுக்கத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு நீ கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினாய். பொன்மணியைக் கூப்பிட்டு, பார்த்துச் சொல்லச் சொல்வேன். அவள் சொல்வாள், "நெத்தியத் தொடச்சுக்கிடுதான். பெறகு ரெண்டு வெரல வெட்டுத மாதிரி காட்டுதான். பெறகு காதத் தொட்டுட்டு, அஞ்சு வெரலயும் விரிச்சுட்டுச் சிரிக்கான்." நான் யோசித்துப் பார்த்து, நெற்றி என்றால் வெக்கை, வெட்டுவது என்றால் கட்டிங் வேலை, காதும் ஐந்து விரலும் என்றால் காது கேளாத ஐந்து பேர் என்று கோர்த்துக்கொள்வேன். உன்னைப் போலவே காது கேளாதவர்கள் ஐந்து பேர் அங்கே பள்ளிக்கூடச் சட்டை வெட்டுகிறார்கள் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் நீ வேகமாகப் பேசும்போது அவளால் சொல்ல முடியவில்லை. "கை பறக்குதுக்கா, எதச் சொல்ல?" என்பாள். அவளுக்கும் வீட்டில் வேலை இருக்கிறது. எத்தனை முறை கூப்பிடுவது?

பள்ளிக்கூடத்தில் நீ படித்த சைகை வேறு, நம் வீட்டுச் சைகை வேறு. இது நீயும் நானும் மட்டும் உண்டாக்கியது. உன் அப்பாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது இந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருத்திக்குக் கண் போய்விட்டது.

கம்பெனியிலும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். மிட்டாய் சுற்றுவதற்குக் கண் வேண்டாம், கை போதும். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் முதலாளியம்மா கல்யாணசுந்தரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "வள்ளி, நேத்து ஒட்டுன லேபிள் அம்புட்டும் தலகீழா இருக்கு. எத்தன நாளா இப்படி?" என்று கேட்டார். நான் லேபிளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. லேபிள் ஒட்டுவதை இசக்கிசெல்வியிடம் கொடுத்துவிட்டு என்னை மிட்டாய் சுற்றுகிற வேலையில் மட்டும் வைத்தார். சனிக்கிழமை மத்தியானம், பார்வை இல்லாதவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கக் கழுகுமலையிலிருந்து ஒரு பெண் வருகிறாள், போய்ப் பார் என்றும் சொன்னார்.

அவள்தான் சந்தனமாரி. உன் வயதுதான் இருக்கும். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கழுகுமலையிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருகிறாள். போனில் ஏதோ ஒன்றை மாற்றினாள், அது பேச ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் அது இன்னது என்று சொல்லும். இரண்டு தரம் தட்டினால் திறக்கும். நான் பழைய பழக்கத்தில் அவசரமாகத் தடவினேன். "அம்மா, தேடாதீங்க. வெரல ஒரு எடத்துல வச்சிட்டு, அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளுங்க" என்றாள். எட்டு சனிக்கிழமை ஆயிற்று. இப்போது மணி பார்க்கிறேன், பொன்மணியைக் கூப்பிடுகிறேன், உன் பெயரைக் கண்டுபிடிக்கிறேன்.

உன் ஆப்பையும் அவளிடம் கொடுத்தேன். விரலை வைத்தால், "பட்டன்" என்றது. நகர்த்தினால் மறுபடி "பட்டன்." இன்னொரு "பட்டன்." ஏழு இடத்தில் பட்டன் என்றது, எதற்கான பட்டன் என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை. சந்தனமாரி சிரித்தாள். "இதச் செஞ்சவங்க பட்டனுக்குப் பேரு வைக்கலம்மா. கண்ணுக்குப் படம் தெரியுதுல்லா, அது போதும்னு விட்டுட்டாங்க. பேரு வைக்க ஒரு வரி எழுதினாப் போதும்" என்றாள். அந்த ஒரு வரி இல்லாமல்தான் நான் உன்னை ஐந்து முறை துண்டித்தேன்.

அவர்களுக்குப் புகார் எழுதினோம். எழுதி முடித்து அனுப்பப் போனால், நீங்கள் மனிதர்தானா என்று பார்க்க வேண்டும், சிக்னல் கம்பம் இருக்கும் படங்களைத் தொடுங்கள் என்றது. நாங்கள் இரண்டு பேரும் பார்வை இல்லாதவர்கள். எங்களை மனிதர் என்று அதற்கு எப்படி நிரூபிப்பது? கடைசியில் பொன்மணி வந்து தொட்டுக் கொடுத்தாள். புகாருக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. பட்டன்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இவ்வளவும் உனக்குச் சொல்லிவிட்டேன். இனி என்னை ஒன்றும் கேட்காதே, திட்டாதே. நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பஸ் ஜன்னலில் மூன்று தரம் கேட்டாயாமே, என்ன கேட்டாய்? ஆறு மாதமாக மிட்டாய் சுற்றும்போதெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன். வீடியோவில் சொல்லாதே. எழுத்தில் எழுது. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. போன் எனக்கு வாசித்துக் காட்டும்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. செண்பகவல்லி அம்மன் உன் கண்ணைக் காப்பாற்றட்டும்.

உன் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்,
அம்மா

*

இலுப்பையூரணி, கோவில்பட்டி
23 நவம்பர் 2025, ஞாயிறு

என் ராசா பாலகணேஷுக்கு அம்மா. இந்தக் கடிதத்தை யாருடைய உதவியும் இல்லாமல் நானே சொல்லி, நானே திருத்துகிறேன். புள்ளி சில இடத்தில் தவறிப் போயிருக்கும். மூச்சு விட வேண்டிய இடத்தில் நீயே விட்டுக்கொள்.

உன் பதில் நான் கடிதம் அனுப்பிய ஏழாம் நாள் வந்தது. அன்று தீபாவளிக்கு முந்தின நாள். கம்பெனியில் கடைசி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாய்ப் போனேன். அது வாசித்ததை அப்படியே எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"அம்மா கடிதம் நான் ஆறு நாள் படி. அழு. அம்மா கண் இல்லை நான் தெரியாது. போன் கட் கட் கட். நான் நினை அம்மா கோபம். பஸ் நான் கேள், இறங்கவா? அம்மா முகம் அங்கே. நான் சரி போ. தப்பு நான். வேலை விடு. ஊர் வா."

மின்சாரக் கட்டணம் கட்டச் சொல்லும் அதே குரல்தான் இதையும் வாசித்தது. அழு என்பதையும் அதே குரலில்தான் சொன்னது. அதன் மேல் கோபம் வந்தது. பிறகு மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஆறு தடவை கேட்டேன். நீ ஆறு நாள் படித்தாயே.

இறங்கவா என்று கேட்டிருக்கிறாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததால், போ என்கிறாள் என்று போயிருக்கிறாய்.

பாலு, அன்று எனக்குக் கண் தெரிந்திருந்தாலும் இறங்கு என்று சொல்லியிருக்க மாட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன்.

வேலையை விட்டு வருகிறேன் என்பதை விட்டுவிடு. ஐந்து வாரமாக நீ இதையே எழுதுகிறாய், நானும் வேண்டாம் என்றே பதில் சொல்கிறேன். ஏன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு மருந்து போட, சோறாக்க, பஸ் ஏற எனக்கு ஆள் வேண்டாம். அதெல்லாம் பழகிவிட்டது. உன்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அங்கே உன்னோடு கையால் பேச ஐந்து பேர் இருக்கிறார்கள். நேப்பாளத்துப் பையன் ஒருவன் உன்னிடம் பேசிப் பேசிச் சிரிக்க வைக்கிறான் என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து உனக்கு இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை. நம் தெருவில் நீ மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாய். இங்கே வந்தால் உன்னோடு பேச யார் இருக்கிறார்கள்? நான் ஒருத்தி இருந்தேன். இனி நீ கையால் பேசினால் எனக்கும் தெரியாது. நம் வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருப்பதற்கா அவ்வளவு தூரத்திலிருந்து வருவாய்?

சந்தனமாரி ஒன்று சொன்னாள். பார்வையும் இல்லாமல் காதும் கேளாமல் இருப்பவர்கள், எதிரில் இருப்பவர் கையின் மேல் தங்கள் கையை வைத்துக்கொண்டு சைகையைப் பிடித்துக்கொள்வார்களாம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருட்டில் அப்படித்தானே என் கையைப் பிடித்துப் பேசுவாய், கரண்ட் போனால். நீ லீவில் வரும்போது பழகிப் பார்ப்போம். லீவில்தான். அதற்கு முன்னால் இல்லை.

நான் அனுப்பிய வீடியோ வந்ததா? உனக்குத்தான் கண் இருக்கிறதே, நான் கையால் பேசினால் உனக்குத் தெரியுமே என்று எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை பார். போன சனிக்கிழமை சந்தனமாரியும் நானும் சேர்ந்து எடுத்தோம். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, நான் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். தீபாவளி, மழை, சித்தப்பாவின் உளுந்தில் மஞ்சள் நோய் விழுந்தது, எல்லாம் சொன்னேன். கை வலித்தது, அவ்வளவு நாளாயிற்று நம் பேச்சைப் பேசி. முடித்துவிட்டுப் பொன்மணியிடம் காட்டினால், "ரெண்டு பேரும் நல்லா எடுத்தீங்க போங்க, அரை மணி நேரமும் மேல ஓடுத காத்தாடிதான் சுத்துது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று ராத்திரிச் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. மறுநாள் பொன்மணி பிடித்துக்கொள்ள, ஐந்து நிமிடம் திரும்ப எடுத்தேன். அதைத்தான் அனுப்பினேன். அதில் கடைசியில் நான் கன்னத்தைத் தொட்டது உன் பெயர். அதை மட்டும் சந்தனமாரிக்கும் கற்றுக்கொடுத்தேன்.

கம்பெனியில் தீபாவளி வேலை முடிந்துவிட்டது. ஒரு நேரம்தான் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சந்தனமாரிக்கு விருதுநகர்ப் பக்கம் வேலை மாற்றிவிட்டார்கள், இனி மாதம் ஒரு முறைதான் வருவாளாம். பொன்மணி மகள் பிரசவத்துக்காகச் சாத்தூர் போயிருக்கிறாள், மூன்று மாதம் ஆகும். தெரு அமைதியாக இருக்கிறது.

நீ எனக்காக எவ்வளவு பாடுபடுகிறாய் என்று தெரிகிறது. கடிதம் கிடைத்ததிலிருந்து வீடியோவே அனுப்பாமல், காலையும் மாலையும் எழுத்தில் எழுதுகிறாய். எழுத்து உனக்குக் கல் சுமப்பது மாதிரி. இருந்தும் சுமக்கிறாய். "அம்மா இட்லி சாப்பிடு. நான் வேலை போ. வெயில் குறை." போன் வாசிக்கிறது. நீ சாப்பிட்டது, தூங்கியது, எல்லாம் தெரிகிறது. நான் குறை சொல்லவில்லை. வாசித்துக்கொண்டே வா.

இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று ஒரு மாதம் யோசித்தேன். உனக்கு ஏழு வயது இருக்கும். தேரோட்டத்தில் தேர் அசைந்ததும் நீ சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினாய். கூட்டம் திரும்பிப் பார்த்தது, சில பேர் சிரித்தார்கள். உனக்கு ஏன் என்று புரியவில்லை, ஆனால் உன்னைப் பார்த்துத்தான் என்று புரிந்தது. அன்றிலிருந்து ஆட்கள் இருக்கும் இடத்தில் நீ உதட்டை இறுக்கி மூடிக்கொண்டுதான் கையால் பேசுவாய். நானும் அது நல்லது என்று விட்டுவிட்டேன். அது தப்பு.

பாலு, தனியாக இருந்து வீடியோ எடுக்கும்போது நீ வாயை மூடிக்கொள்வதில்லை. உனக்குத் தெரியாது. கையோடு சேர்ந்து உன் தொண்டையும் பேசுகிறது. அம்மா என்று காட்டும்போது உன் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் வருகிறது. வெக்கை என்று சொல்லும்போது பெருமூச்சு. சிரிப்பு வந்தால் தாழ ஆரம்பித்து மேலே போகிறது, உன் அப்பா சிரிப்பு அப்படியே. ஏதோ ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சத்தம் நின்றுவிடுகிறது, சட்டை உரசுவது மட்டும் கேட்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை, நீ வருத்தமாக இருக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது. என் போனில் நீ அனுப்பிய நாற்பத்தொரு வீடியோ இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். நாற்பத்தொன்றும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்து எப்போது மூச்சு விடுவாய் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டு மாதமாகப் புதிதாக ஒன்றும் இல்லை.

அதனால் எழுதுவதை எழுது, வீடியோவும் அனுப்பு. என்ன சொல்கிறாய் என்பதை எழுத்தில் சொல். எப்படி இருக்கிறாய் என்பதை நான் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சொன்னதால் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதே, உனக்குக் கோடிப் புண்ணியம். அந்தச் சத்தத்தைப் பார்த்துச் சிரிக்க இந்த வீட்டில் யாரும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கட்டிங் மெஷினில் விரல் பத்திரம். உன் பத்து விரலும் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும், என் சாமி.

மத்தியானங்களில் வீட்டில்தான் இருக்கும்,
அம்மா